நாலாவது தூணும் நான் தூக்கிய கையும்

அக்கா,

மூன்று நாளாக மண்டபத்தில் ஏசி ஓடவில்லை. மெஷினுக்குள் ஏதோ அடைப்பாம், ஆள் வரவேண்டுமாம். இன்று காலை ஏழு மணிக்கு நான்தான் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து பழைய கோயில் வாசனை வந்து முகத்தில் மோதியது. ஈரச் சுண்ணாம்பு, வௌவால் எச்சம், அணைத்த மெழுகுவர்த்தி. எலுமிச்சை வாசனைத் தண்ணீரை ஊற்றி இத்தனை நாள் நான் துடைத்துத் துடைத்து மறைத்து வைத்திருந்த வாசனை அது. என்னை அறியாமல் ஷூவைக் கழற்றினேன். முக்காடு போட முந்தானையைத் தேடினேன். யூனிஃபார்மில் முந்தானை ஏது? பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு தோளில் முந்தானை தேடுகிறவளைப் பார்த்திருந்தால் நீ தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

சிரித்திருப்பாயா? அதுதான் எனக்குத் தெரியவில்லை. நீ என்மேல் கோபத்தோடு போனாயா, கோபம் ஆறிப் போனாயா என்று இன்றுவரை பிடிபடவில்லை. யாரைக் கேட்பது? உன்னைத்தான் கேட்கவேண்டும். ஐந்தாவதோடு நின்றவள் கச்சேரி நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பேனா எங்கள் சூப்பர்வைசர் நித்யாவுடையது, திருப்பிக் கொடுக்கவேண்டும்.

நாம் இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வாசலுக்குள் வந்தவர்கள். ஓரகத்திகள் என்றால் ஒரு குழாயடிச் சண்டையாவது இருக்கும் என்று தெருவே காத்திருந்தது. நாம் அவர்களை ஏமாற்றினோம். ஒரே கம்பெனி பஸ்ஸில் தேர்வாய் கண்டிகைக்குப் போனோம், ஒரே பேக்கிங் மேசையில் நின்றோம், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரே பாயில் உட்கார்ந்தோம். பெண்கள் பக்கம், இடது வரிசை, நாலாவது தூணுக்குக் கீழே. அது நம் இடம். வேறு யாராவது உட்கார்ந்தால் நீ ஒன்றும் சொல்லமாட்டாய், பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பாய். அவர்களே எழுந்துவிடுவார்கள்.

நம் கோயில் மற்ற ஊர்ச் சர்ச் மாதிரி இல்லை. கூரான கோபுரம் கிடையாது. முன்பக்கம் ஆறு உருண்டைத் தூண், அதன்மேல் முக்கோணமாக ஒரு நெற்றி, ஏறிப்போக அகலமான படிக்கட்டு, உள்ளேயும் இரண்டு வரிசைத் தூண்கள். திருவள்ளூர் கோர்ட்டுக்குப் போகவேண்டிய பெரியவர் ஒருவர் மஞ்சள் பையில் காகிதக் கட்டோடு ஒருநாள் நம் படியேறி வந்தது நினைவிருக்கிறதா?

“வாய்தா எந்த ரூம்புலமா?” என்று கேட்டார்.

“இங்க ஒரே ஜட்ஜுதான் நைனா. மேல கீறாரு. தீர்ப்பு கொஞ்சம் லேட்டாத்தான் வரும்” என்றேன்.

அவர் நிஜமாகவே தரையில் உட்கார்ந்துவிட்டார். நீதான் என் தலையில் குட்டிவிட்டு, அவரை ஸ்டேஷன் வரை கூட்டிப்போய் ரயில் ஏற்றிவிட்டு வந்தாய். நான் கிண்டல் செய்வேன், நீ கூட்டிப்போய் விடுவாய். நம் இரண்டு பேருக்கும் இருந்த வேலைப் பிரிவினை அது.

அப்புறம் உன் ஆமென். சபை முழுக்க ஆமென் சொல்லி முடித்து, வாயை மூடி, பாஸ்டர் அடுத்த பக்கத்தைப் புரட்டும்போதுதான் உன்னுடையது தனியாகக் கிளம்பும். நீளமாக இழுப்பாய். நாலாவது தூணுக்கு மேலே, மாடிப்படி திரும்பும் இடத்தில், பழைய மணிக்கயிறு இறங்கிய ஓட்டைக்குப் பக்கத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு குழிவு உண்டு. உன் குரல் அதற்குள் போய், கொஞ்சம் தங்கி, திரும்பி வரும்.

“பாரு, மேல எடம் இல்லன்னு திருப்பி அனுப்ச்சிட்டாங்கோ” என்பேன்.

“என்துக்கு வழி தெரியும், ஊட்டுக்குத் திரும்பி வர்து. உன் ஆமென் எங்க போச்சின்னே தெர்ல, அத்தத் தேடு மொதல்ல” என்பாய்.

அந்தக் கடைசி மழைக்காலத்தில், பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவே, தாம்பாளம் அளவு சுண்ணாம்புக் காரை மேலேயிருந்து பெயர்ந்து உன் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. புழுதி அடங்கியபோது உன் தலை, புருவம் எல்லாம் வெள்ளை. எல்லாரும் ஓடி வந்தார்கள். நான் என்ன சொன்னேன்? “ஆமென இழுக்காத இழுக்காதன்னு எவ்ளோ நாளா சொல்றேன். இப்ப கர்த்தரே கல்லெடுத்துட்டாரு.” சபை சிரித்தது, நீயும் சிரித்தாய். நான் மட்டும் அந்தக் காரைத் துண்டு ஒன்றைப் பாய்க்கு அடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். அதை உனக்கு நான் காட்டவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம். சென்னையிலிருந்து ஒரு டிரஸ்ட் வந்திருந்தது. கட்டடத்தைப் பழுது பார்த்துப் பாட்டுக் கச்சேரி மண்டபமாக வைத்துக்கொள்கிறோம், உங்களுக்கு ஸ்டேஷன் பக்கம் புதிய கோயில் கட்டித் தருகிறோம் என்றார்கள். மின்விசிறி உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு, பெண்களுக்குத் தனிக் கழிவறை உண்டு. வேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் பாஸ்டர். நீ இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான் நிமிர்ந்து மேலே பார்த்தேன். காரை விழுந்த இடத்தில் செங்கல் தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொரு விரிசல் உன் உச்சிக்கு நேராக ஓடியது. கை தூக்கினேன்.

வீட்டுக்கு என் முன்னால் விறுவிறு என்று நடந்தாய். வாசலில்தான் கேட்டாய்.

“ஏன்டி கை தூக்குன?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன் தலைமேல் இன்னொன்று விழுந்துவிடுமோ என்று வாரம் முழுக்கத் தூங்கவில்லை என்று. வாய்க்கு அதெல்லாம் பழக்கமே இல்லை. “ரொம்ப நேரம் மடக்கினு இருந்தேன்கா, கை வலிச்சிது. நீட்டிப் பாத்தேன்” என்றேன்.

முதல் தடவையாக நீ சிரிக்கவில்லை. “ஃபேனுக்கும் கக்கூஸுக்கும் கோயிலக் குட்த்துட்ட” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம். சண்டை என்று சொல்ல முடியாது. உப்பு கேட்டால் சுவருக்கு மேலே டப்பா வரும், தண்ணீர் வந்தால் “தண்ணி வருது” என்று குரல் வரும். புதுக்கோயிலில் நீ வேறு பாயில் உட்கார்ந்தாய். அங்கே உன் ஆமென் மட்டமாகப் போய்ச் சுவரில் பட்டு அங்கேயே விழுந்தது. திரும்பி வரவில்லை. நீ இழுப்பதையே நிறுத்திவிட்டாய். எல்லாரோடும் சேர்ந்து சரியான நேரத்துக்கு ஆமென் சொன்னாய். அதைக் கேட்கத்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

நான் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். நீ போவதற்கு இரண்டு நாள் முன்பு, கம்பெனி பஸ். நீ எனக்கு முன்னால் ஏறி, எப்போதும்போல் நடைபாதை ஓரம் உட்கார்ந்திருந்தாய். நான் ஏறியதும் ஜன்னல் பக்கம் நகர்ந்தாய். பக்கத்து இடம் காலி. எனக்காகவா நகர்ந்தாய்? இல்லை, அந்தப் பக்கம் வெயில் அடித்ததா? கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அதற்குள் வேப்பம்பட்டிலிருந்து வரும் அந்தக் கண்ணாடிக்காரப் பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள். நீ வெளியே பார்த்தாய். நான் நின்றுகொண்டே போனேன்.

சனிக்கிழமை காலை நாஷ்டா செய்துகொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆட்டோ தெருமுனைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

புதுக்கோயிலில்தான் ஜெபம் நடந்தது, ஃபேனுக்குக் கீழே. கல்லறைக்குப் போகும் வழியில் பழைய கோயில் முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னேன். உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு டிரைவரின் தோளைத் தட்டினார். தூண்களைச் சுற்றி அடிமுதல் நெற்றிவரை சாரம் கட்டியிருந்தது. மேலே நின்ற கொத்தனார்கள் ஒவ்வொருவராக வேலையை நிறுத்தித் தலைத்துண்டை எடுத்தார்கள். யார் போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு நிமிஷம் அப்படியே நின்றோம். பிறகு டிரைவர், “கெளம்பலாமா?” என்றார். உனக்கு அது பிடித்ததா, புண்ணில் விரல் வைத்த மாதிரி இருந்ததா? அதுவும் தெரியவில்லை.

மண்டபம் திறந்ததும் சபை ஆட்களுக்கு வேலை என்றார்கள். கம்பெனியை விட்டுவிட்டு இங்கே வந்தேன். கூரையில் இப்போது ஒரு சொட்டு ஒழுகுவதில்லை அக்கா. தூணெல்லாம் பால் வெள்ளை. அதைப் பார்க்கும்போது கை தூக்கியது சரிதான் என்று தோன்றும். பத்து நிமிஷம் கழித்துப் பலிபீடம் இருந்த இடத்தில், இப்போது அது மேடை, யாராவது காபி கப்பை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். உடனே தப்பு என்று தோன்றும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சரி, எத்தனை தடவை தப்பு என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

ஷூ போடாமல் வேலை செய்யக்கூடாது என்பது இங்கே விதி. ஷூவோடு உள்ளே போகக்கூடாது என்பது நம் விதி. நாலாவது தூண் வரை ஷூ, அதற்குமேல் வெறும் கால் என்று நானே ஒரு பஞ்சாயத்து செய்துகொண்டேன். நித்யா பார்த்தால், “எஸ்தரக்கா, ஷூ எங்க?” என்பாள். “அது ஆம்பள பக்கம் போய்க்கினு கீதுமா, வந்துடும்” என்பேன்.

இன்னொன்று கேள். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல ஒரு பெண் இருக்கிறாள். கிரேக்க நாட்டில் யேசு பிறப்பதற்கு முன்பே இருந்த சாமிகளுக்குக் கட்டிய கோயில் மாதிரி வெள்ளைக்காரன் இதைக் கட்டினான் என்கிறாள். கையில் துடைப்பத்தோடு கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தலை சுற்றியது. அப்படியென்றால் தலைமுறை தலைமுறையாக நாம் யார் வீட்டில் உட்கார்ந்து ஜெபம் செய்தோம்? அந்தச் சாமிகளிடமிருந்து இந்த வீட்டை யார் கை தூக்கி வாங்கினார்கள்? உன்னிடம் சொல்லியிருந்தால், “கேட்டவரு ஒர்த்தருதான்டி, ஊடு எவன்துன்னா இன்னா” என்றிருப்பாய் என்று நினைக்கிறேன். அல்லது நான்தான் என் வசதிக்கு உன்னை அப்படிப் பேச வைக்கிறேனா?

போன மாதம் முதல் பெரிய கச்சேரி. நம் சபை ஆட்களுக்கு இருபது இலவசச் சீட்டு கொடுத்தார்கள், கடைசி வரிசை. வந்த இருபது பேரும் வழக்கப்படி முதல் தூணடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி அந்தச் செருப்புக் குவியலைப் பார்த்தார்கள். இதுதான் இங்கே முறைபோல என்று அவர்களும் கழற்றினார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அவர்களைப் பார்த்து. கடைசியில் பாதி மண்டபம் வெறும் காலோடு உட்கார்ந்திருந்தது. வாட்ச்மேன் என்னிடம் ஓடிவந்து, “இன்னாக்கா இது, டோக்கன் போடணுமா?” என்றான். “போடு, கல்யாண மண்டபம்னு நெனச்சிக்கோ” என்றேன்.

மேடையில் நாலு பேர். மூன்று பேரிடம் வயலின் மாதிரி, ஒருவரிடம் காலிடுக்கில் வைத்து வாசிக்கும் பெரியது. எனக்குப் பாட்டு ஒன்றும் புரியவில்லை, ஆனால் காலை நகர்த்த முடியவில்லை. நாலாவது தூணில் சாய்ந்து நின்றேன். ஓர் இடத்தில் வாசிப்பு மெதுவாக இறங்கி, இறங்கி, நின்றது. நாலு பேரும் வில்லைத் தூக்கி அப்படியே பிடித்திருந்தார்கள். யாரும் கை தட்டவில்லை, இருமவில்லை. அது பாதிதானாம், இன்னும் பாட்டு பாக்கி இருக்கிறதாம், நடுவில் தட்டக்கூடாதாம். அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அந்த இடத்தில் அப்படி ஓர் அமைதி வந்தால் நமக்கு ஒரே அர்த்தம்தான். ஜெபம் முடிந்தது.

ஆமென் என்றேன். சாதாரணமாக இல்லை அக்கா, நீ இழுக்கிற மாதிரி இழுத்து. என் வாயிலிருந்து உன் ஆமென் வந்தது. பின்னால் இருபது பேரும் சேர்ந்து ஆமென் என்றார்கள். முன்வரிசை மொத்தமும் திரும்பியது. நித்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். பெரியதை வைத்திருந்தவர் மட்டும் நிமிர்ந்து பார்த்து, லேசாகத் தலை குனிந்தார். அப்புறம், எல்லாம் அடங்கிய பிறகு, எனக்கு மேலேயிருந்து ஒன்று மட்டும் தனியாகத் திரும்பி வந்தது. தாமதமாக, நீளமாக.

என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. எதிரொலியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். சவுண்ட் சார் மாசக்கணக்கில் திரையும் பலகையும் அடித்து எதிரொலி எல்லாவற்றையும் ஒழித்திருந்தாராம். ஒன்று மிஞ்சியிருக்கிறது, அது வாசிக்கிறவர்களைக் குழப்பும், கண்டுபிடித்து அடைக்கவேண்டும் என்றார். மறுநாள் என்னிடம் வந்தார். தாடி நரைத்த, நல்ல மனுஷன்.

“எஸ்தரக்கா, நேத்து நீங்க எங்க நின்னீங்க? சத்தம் எங்கேருந்து திரும்பி வந்துது?”

வலது பக்கத்தைக் காட்டினேன்.

அவர் ஏணி போட்டு அரை நாள் அந்தப் பக்கம் பஞ்சுப் பலகை ஒட்டினார். ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டேன். வியர்த்து வழிந்து இறங்கி வந்து, “தேங்க்ஸ்கா” என்றார். ஒரு கையைத் தூக்கி உன் கோயிலைக் கொடுத்தேன், ஒரு கையை நீட்டி அந்த மனுஷனைத் தப்பான பக்கம் ஏற்றினேன். இந்தக் கை எப்போது எழுந்தாலும் யாருக்காவது பேஜார்தான்.

இன்று காலைக்கு வருகிறேன். வாசனை, வெறும் கால், யாரும் வராத மண்டபம். மாடிப்படி ஏறி, அந்தக் குழிவுக்கு நேர் கீழே நின்றேன். ஒரு வருஷமும் அதற்கு மேலும் வாயில் வைத்திருந்ததைச் சொன்னேன், கிண்டல் இல்லாமல். “அக்கா, கை வலிச்சிதுன்னு சொன்னது பொய். அந்தக் காரை உன் தலையில வுழுந்துடுமோன்னு பயந்துதான் தூக்குனேன்.”

கொஞ்சம் தங்கி, திரும்பி வந்தது. தூக்குனேன்.

அவ்வளவுதான். பயந்ததும் வரவில்லை, உன் தலையும் வரவில்லை. கடைசி வார்த்தை மட்டும் வந்தது. அந்தக் குழிவுகூட உன்னை மாதிரியே காரணத்தை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டது. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்காதே. எப்படியும் அது நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறது. நீ என்ன சொல்வாய் என்பது அதற்கும் தெரியாது.

பத்து மணிக்குச் சவுண்ட் சார் வந்தார். ஏசி ஆளும் கூட வந்தார். வேலைசெய்கிற எங்கள் எட்டுப் பேரையும் மேடை முன்னால் கூப்பிட்டார்கள். நேற்று ஒத்திகையில் அந்தச் சத்தம் மறுபடி வந்ததாம்.

“நீங்க தினம் இங்கேயே இருக்கறவங்க. எந்த எடம்னு தெரிஞ்சவங்க கை தூக்குங்க. யாரையும் கோச்சிக்க மாட்டேன்” என்றார் சவுண்ட் சார்.

கை தூக்குங்க. அதே வார்த்தை, அதே தரை. பாஸ்டர் நின்ற இடத்தில் அவர் நின்றார். அவர் கேட்பது நியாயம்தான். அந்த நாலு பேர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்து வாசிக்கிறார்கள். இந்த மண்டபம் நன்றாக இருக்கவேண்டும் என்றுதானே நானும் கை தூக்கினேன். சொல்லிவிடலாம் என்று கை முழங்கை வரை எழுந்தது. சவுண்ட் சார் பார்த்துவிட்டார்.

“எஸ்தரக்கா?”

குனிந்து தண்ணீர் பக்கெட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டேன்.

“கை காலி இல்ல சார்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் நான் பக்கெட்டோடு நாலாவது தூணைத் தாண்டும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டாள் இல்லை அந்த மனுஷன். என்றைக்காவது கண்டுபிடித்துவிடுவார். அன்றைக்கு ஏணியை நானே பிடித்துக்கொள்வேன். அதுவரை காலையில் கதவைத் திறந்ததும் வெறும் காலோடு ஒரே ஓர் ஆமென், உன் மாதிரி தாமதமாக. அது திரும்பி வரும்வரை நின்றுவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பேன்.

செய்தது சரியா தப்பா என்று இந்தத் தடவையும் தெரியவில்லை. நித்யா பேனாவுக்கு வந்து நிற்கிறாள், முடிக்கிறேன். பஸ்ஸில் நீ நகர்ந்தது எனக்காகவோ வெயிலுக்காகவோ, நீ சொல்லப்போவதில்லை. போனால் போகிறது. அந்தக் காலி இடத்தில் மனசுக்குள் நான் உட்கார்ந்துவிட்டேன் அக்கா. இனி நீ பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் எழுந்திருக்கமாட்டேன்.